தீவின் பெயர் தாங்கிய புழு

இலங்கையின் பெயரைத் தாங்கி உலகெங்கும் சென்ற பொருள்கள் பல. இலங்கைத் தேயிலை, இலங்கைக் கறுவா, இலங்கை நீலக்கல் ஆகியவற்றை அறியாத சந்தை இல்லை. அதே பெயரைத் தாங்கிய ஒரு புழுவும் உண்டு என்பதை அறிந்தோர் சிலரே. 'அன்கைலோஸ்டோமா சிலானிக்கம்' என்பது அதற்கு விஞ்ஞானிகள் இட்ட பெயர். நாய், பூனை ஆகியவற்றின் குடலில் ஒட்டிக்கொண்டு இரத்தம் குடிக்கும் கொளுக்கிப் புழு வகைகளுள் அது ஒன்று. தமிழகத்தார் இவ்வகையைக் கொக்கிப் புழு என்பர். 1911 ஆம் ஆண்டில் ஆர்தர் லூஸ் என்னும் ஜெர்மானிய அறிஞர், இலங்கையில் பிடிபட்ட புனுகுப் பூனையின் குடலிலிருந்து எடுத்த புழுக்களை ஆராய்ந்தார். அதுவரை எவரும் விவரித்திராத இனம் அது எனக் கண்டு, தீவின் பெயரையே அதற்குச் சூட்டினார்.

அதே 1911 ஆம் ஆண்டுக் குடிசனக் கணக்கின்படி இலங்கையிலிருந்த இந்தியத் தமிழர் ஐந்து இலட்சத்துக்கு மேற்பட்டோர். அவர்களுள் மிகப் பெரும்பாலோர் தோட்டங்களில் வாழ்ந்தனர். அவர்களுடைய குடல்களிலும் கொளுக்கிப் புழு நிறைந்திருந்தது. ஆயினும் பூனையின் புழு பூனைக்கு, மனிதனின் புழு மனிதனுக்கு என்று இரண்டையும் தனித்தனியே வைத்து எண்ணிய காலம் அது. தோட்டங்களில் பின்னர் நடந்த பெரும் புழு ஒழிப்பு முயற்சிகள் யாவும் இந்தப் பாகுபாட்டின்மேல் எழுந்தவையே. லயத்து வாசலில் படுத்திருந்த நாயை அவை கணக்கில் சேர்க்கவில்லை.

கொளுக்கிப் புழு ஏறக்குறைய ஒரு சென்ரிமீற்றர் நீளமானது. வெண்ணூல் துண்டு போன்றது. அதன் வாய் ஒரு சிறு கிண்ணம். அக்கிண்ணத்தின் விளிம்பில், இனத்துக்கேற்பப் பற்களோ வெட்டும் தகடுகளோ அமைந்திருக்கும். அவற்றால் சிறுகுடலின் சவ்வைக் கவ்வி இரத்தத்தை உறிஞ்சும். பெண் புழு நாள்தோறும் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். மலத்தோடு வெளியேறும் முட்டை, ஈரமும் வெதுவெதுப்பும் நிழலும் உள்ள மண்ணில் விழுந்தால் ஓரிரு நாளில் பொரிக்கும். ஒரு வாரம் பத்து நாளுக்குள், வெறுங்காலின் தோலைத் துளைக்கவல்ல இளம்புழுவாக வளர்ந்துவிடும்.

தோலைத் துளைக்கும் இந்த உண்மையைக் கண்டவரும் அதே லூஸ்தான். அது தற்செயலாக நிகழ்ந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் கெய்ரோ நகரத்து வைத்தியக் கல்லூரியில் ஆய்வு செய்துகொண்டிருந்தபோது, இளம்புழுக்கள் நிறைந்த நீரில் ஒரு துளி அவருடைய கையில் சிந்திற்று. சிந்திய இடம் சிவந்து அரித்தது. சில வாரங்களின் பின் தம் மலத்தையே பூதக்கண்ணாடியின் கீழ் வைத்துப் பார்த்தார். கொளுக்கிப் புழுவின் முட்டைகள் கிடந்தன. வாய் வழியாகவே புழு உட்செல்லும் என்று நம்பியிருந்த வைத்திய உலகம் இதனை எளிதில் ஏற்கவில்லை. லூஸ் விடவில்லை. நாய்களின் தோலில் நாய்க் கொளுக்கிப் புழுவை விட்டு, அது இரத்தத்தோடு நுரையீரலுக்கு ஏறி, மூச்சுக்குழல் வழியே தொண்டைக்கு வந்து, விழுங்கப்பட்டுக் குடலை அடையும் நெடும்பயணத்தைப் படிப்படியாகக் காட்டினார். மனிதனுக்கு நோய் வரும் வழியை நாயின் உடலே முதலில் தெளிவாகச் சொன்னது எனலாம்.

தேயிலைத் தோட்டங்களுக்கும் இந்தக் கண்டுபிடிப்புக்கும் மிக நெருங்கிய தொடர்பு உண்டு. அசாம் தேயிலைத் தோட்டங்களில் மழை தொடங்கியதும் தொழிலாளரின் பாதங்களிலும் விரலிடுக்குகளிலும் கொப்புளங்கள் கிளம்பிப் புண்ணாகும். நீரினால் வரும் புண் என்று பொருள்பட அதற்கு அங்கே பெயரும் இருந்தது. 1902 இல் சார்ல்ஸ் பென்ட்லி என்னும் வைத்தியர், அப்புண்ணுக்கு நீர் காரணமன்று, மண்ணிலிருந்து தோலைத் துளைத்து நுழையும் கொளுக்கிப் புழுவின் குஞ்சுகளே காரணம் என்று எழுதினார்.

இலங்கை மலைநாட்டுத் தொழிலாளியின் வாழ்வும் அசாம் தொழிலாளியின் வாழ்வினின்று அதிகம் வேறுபட்டதன்று. விடியற்காலையில் பெரட்டு, பின்னர் வெறுங்காலோடு மலைக்குப் போதல். அடர்ந்த தேயிலைச் செடியின் அடியில் வெயில் விழாத, இலைச்சருகு மூடிய, ஈரம் உலராத மண். லயன்களில் ஒரு குடும்பத்துக்கு ஒரு காம்பரா. கழிப்பிடம் என்று தனியே ஒன்று பெரும்பாலும் இல்லை. தேயிலைச் செடியின் மறைவே கழிப்பிடம். காலையில் ஒருவர் ஒதுங்கிய இடத்தில் பத்து நாளின் பின் இன்னொருவர் கொழுந்து பறித்தார். கொளுக்கிப் புழு தனக்கென்று ஓர் இல்லம் அமைத்துக்கொள்ள விரும்பியிருந்தால், இதைவிடப் பொருத்தமான ஏற்பாட்டை அதனால் செய்துகொண்டிருக்க முடியாது.

புழு மிகுந்தவரின் கண்ணிமை வெளுக்கும். முகமும் காலும் ஊதும். கூடையோடு ஏற்றத்தில் ஏறும்போது மூச்சு வாங்கும். சிலருக்கு மண் தின்னும் ஆசையும் உண்டாகும். சித்த வைத்தியர் பாண்டு என்றும் ஊரார் சோகை என்றும் சொன்ன நோய் இது. தோட்டத்துக் கணக்குப் புத்தகத்திலோ இதற்கு வேறொரு பெயர் இருந்தது: சோம்பல். பறித்த கொழுந்தின் நிறை குறைந்தால் அன்றைக்கு 'அரைப் பேர்' தான். குடலில் ஒரு முறை இரத்தத்தைக் கொடுத்தவர், மடுவத்தில் மறுமுறை கூலியையும் கொடுத்தார்.

இந்தச் சோம்பலுக்கு ஒரு விலை உண்டு என்பதைத் தோட்டத் துரைமாருக்கு உணர்த்தியவர்கள் அமெரிக்கர். தம் நாட்டின் தென்மாநிலங்களில் 1909 முதல் கொளுக்கிப் புழுவை எதிர்த்துப் பணியாற்றிய ரொக்பெல்லர் நிதியத்தார், 1913 இல் சர்வதேச சுகாதார அமைப்பொன்றை நிறுவி, உலகின் வெப்ப நாடுகளை நோக்கி வந்தனர். அவ்வமைப்பின் கீழ்த்திசைப் பணிப்பாளர் டாக்டர் விக்டர் ஹைசர், பிலிப்பைன் தீவுகளில் சுகாதாரத் தலைவராயிருந்தவர். இரத்தசோகை நீங்கிய தொழிலாளி கூடுதலாக வேலை செய்வான் என்ற கணக்கு துரைமார் சங்கத்துக்கு விளங்கிற்று. 1916 இல் டாக்டர் ஜோன் ஸ்னொட்கிராஸ் என்பாரின் தலைமையில் மாத்தளைப் பகுதித் தோட்டங்களில் வேலை தொடங்கிற்று. அதற்குள் உலகப் போர் மூண்டுவிட்டது. இவ்வியக்கத்துக்கு அடிப்படையான உண்மையைக் கண்ட லூஸ், எதிரி நாட்டவர் என்பதனால் எகிப்தை விட்டு நீங்க நேர்ந்தது.

மாத்தளை, அட்டனையும் நுவரெலியாவையும் விடத் தாழ்ந்த, வெப்பம் கூடிய பகுதி. கொளுக்கிப் புழுவின் இளம்பருவத்துக்குச் சூடு வேண்டும். குளிர்ந்த மண்ணில் அது வளராது சோரும். கடல் மட்டத்திலிருந்து ஆறாயிரம் அடிக்கு மேலுள்ள நுவரெலியாவில் அதன் வலு குன்றும். நாலாயிரம் அடியளவிலுள்ள அட்டன் பகுதியில் அவ்வளவு குன்றாது. எனினும், எந்த உயரத்துத் தோட்டமாயினும் ஆட்கள் வந்த வழி ஒன்றே. திருச்சி, சேலம், மதுரைச் சீமைகளின் மண்ணிலிருந்து புழுவைத் தாங்கியபடியே அவர்கள் வந்தனர். ஆகவே இராமேசுவரத்துக்கு எதிரேயுள்ள மண்டபம் முகாமில், அம்மைக்கும் வாந்திபேதிக்கும் அஞ்சி ஆட்களைத் தடுத்து வைத்த நாள்களிலேயே புழு மருந்தும் கொடுக்கும் வழக்கம் பின்னர் ஏற்பட்டது.

மருந்து கொடுத்த முறை எளிதன்று. முதல் நாள் பேதி உப்பு. மறுநாள் வெறும் வயிற்றில் தைமோல், அல்லது கீனோப்போடியம் என்னும் செடியின் எண்ணெய். மீண்டும் பேதி உப்பு. எண்ணெய்ப் பதார்த்தமோ சாராயமோ வயிற்றில் சேர்ந்தால் தைமோல் நஞ்சாகும். தலை சுற்றும், காது இரையும், வயிறு எரியும். இத்தனையும் பட்டு ஒருவர் தேறினார் என்று வைத்துக்கொண்டாலும், மறுவாரம் அவர் வெறுங்காலோடு நிற்பது அதே மண்ணில். மருந்து கொடுப்பதோடு கழிப்பிடமும் கட்டவேண்டும் என்று வந்தவர்கள் வற்புறுத்தினர். மருந்துச் செலவைச் சகித்த துரைமாரில் பலர் கழிப்பிடச் செலவுக்குத் தயங்கினர். கட்டிக்கொடுத்தாலும் ஆட்கள் பயன்படுத்தமாட்டார்கள் என்பது அவர்கள் சொன்ன காரணம். நீரில்லாத, கதவில்லாத, லயத்துக்குத் தொலைவிலுள்ள கழிப்பிடத்துக்கு இருட்டில் எந்தப் பெண் போவாள் என்ற கேள்வியை அவர்கள் தமக்குள் கேட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை. சில ஆண்டுகளில் ரொக்பெல்லர் அமைப்பாரே இந்த வழியின் எல்லையை உணர்ந்து, ஒரு நோயை மட்டும் துரத்தும் முறையை விட்டு, 1926 இல் களுத்துறையில் தொடங்கிய சுகாதார நிலையத் திட்டத்தின் பக்கம் திரும்பினர்.

இடையில் புதிய மருந்தொன்று வந்தது. அதன் வரலாற்றிலும் நாய் நிற்கிறது. 1921 இல் மோரிஸ் ஹோல் என்னும் அமெரிக்க மிருக வைத்திய ஆராய்ச்சியாளர், கார்பன் டெட்ராகுளோரைட் என்னும் திரவம் நாய்களின் கொளுக்கிப் புழுவைச் சிறப்பாக வெளியேற்றுவதைக் கண்டார். பின்னர் தாமே அதனை விழுங்கிப் பார்த்தார். துணி வெளுப்பதற்கும் தீயணைப்பதற்கும் பயன்பட்ட திரவம் அது. அடுத்த ஆண்டே இலங்கையில் மனிதருக்கு அது கொடுக்கப்பட்டது. கல்லீரலுக்கு அதனால் கேடு விளையுமா என்று அறிய, மரணதண்டனை விதிக்கப்பட்ட கைதிகளுக்கு அம்மருந்தைக் கொடுத்து, தண்டனை நிறைவேறியபின் அவர்களுடைய கல்லீரலைப் பரிசோதித்த செய்தியும் 1922 இல் பிரித்தானிய வைத்திய சஞ்சிகையில் வெளிவந்தது. கைதிகளின் சம்மதம் எந்த அளவுக்குச் சம்மதம் என்று இன்றைய வாசகர் நிச்சயம் கேட்பார். மருந்து மலிவு, ஒரே வேளையில் தீர்ந்துவிடும், ஆகவே பரவிற்று. குடிப்பழக்கமுடையோரின் கல்லீரலை அது கெடுக்கும் என்பதும், உயிருக்கே ஆபத்து உண்டு என்பதும் பின்னரே தெளிவாயின. 1925 இல் அதே ஹோல், மறுபடியும் நாய்களில் சோதித்து, அதைவிட ஆபத்துக் குறைந்த டெட்ராகுளோரெத்திலீனைக் கண்டார்.

மருந்தின் குணத்தை நாயில் கண்டவர்கள், அந்த மருந்தைத் தோட்டத்து நாய்க்குக் கொடுக்க நினைக்கவில்லை. இதற்கு வெறும் அலட்சியத்தை மட்டும் காரணமாகச் சொல்வது நியாயமாகாது. விஞ்ஞானமே அன்று ஒரு தவறான பாதையில் சென்றிருந்தது.

நடந்தது இது. லூஸ் பெயரிட்ட இரண்டே ஆண்டுகளில், 1913 இல், வங்காளத்தில் பணியாற்றிய கிளேட்டன் லேன் என்னும் வைத்தியர், பூனையின் புழுவென்று கருதப்பட்ட சிலானிக்கத்தை மனிதரிடத்திலும் கண்டு அறிவித்தார். அது தக்க சமயத்தில் வந்த செய்தி. ஆனால் அதே ஆண்டில் ரொபர்ட் லைப்பர் என்னும் பிரித்தானிய அறிஞர், சிலானிக்கம் என்று தனியே ஓர் இனம் இல்லை, பிரேசிலில் 1910 இல் விவரிக்கப்பட்ட இனமும் இதுவும் ஒன்றே என்று எழுதினார். இரண்டுக்கும் வாய்க் கிண்ணத்தில் பெரிய பல் ஒரு சோடியும், அதன் உட்புறத்தே மிகச் சிறிய பல் ஒரு சோடியும் உண்டு. அந்தச் சிறிய பல்லின் அளவில்தான் வேற்றுமை. லைப்பரின் கருத்தை உலகம் ஏற்றது. பிரேசில் புழுவோ மனிதத் தோலுக்குள் நுழைந்து, குடலுக்குப் போக வழி தெரியாமல் தோலின் கீழேயே நெளிந்து அரிப்பை உண்டாக்குவதே வழக்கம்; இரத்தம் குடிக்கும் நிலையை அது மனிதரிடம் எய்துவதில்லை. ஆகவே, நாய் பூனைப் புழுவால் மனிதருக்கு வருவது தோல் அரிப்பு மட்டுமே என்ற எண்ணம் பாடநூல்களில் நிலைத்துவிட்டது. 1951 இல் பியோக்கா என்னும் இத்தாலிய அறிஞர் இரண்டும் வெவ்வேறு இனங்களே என்று நிறுவும்வரை, ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள், தீவின் பெயர் தாங்கிய புழு பெயரிழந்து கிடந்தது. தோட்டங்களின் புழு ஒழிப்பு இயக்கம் முழுவதும் அந்த நாற்பது ஆண்டுக்குள் அடங்கும்.

முட்டையும் உண்மையைச் சொல்லவில்லை. இயக்கத்தார் நம்பியது பூதக்கண்ணாடியை. அதன் கீழ் மனிதக் கொளுக்கிப் புழுவின் முட்டையும், நாயின் கொளுக்கிப் புழுவின் முட்டையும், பூனையினதும், புனுகுப் பூனையினதும் ஒன்றுபோலவே இருக்கும்: மெல்லிய ஓடு, நீள்வட்ட வடிவம், உள்ளே பிளவுபடும் சில உயிரணுக்கள். தொழிலாளியின் மலத்தில் கண்ட முட்டை மனிதப் புழுவின் முட்டை என்று எழுதப்பட்டது. வேறு விதமாக எழுதுவதற்கு அன்று வழியும் இல்லை.

மலைநாட்டில் நாய்க்குப் பஞ்சம் இருந்ததில்லை. தேயிலைக்கு முன்பே, 1848 இல், சாமுவேல் பேக்கர் என்னும் ஆங்கிலேயர் நுவரெலியாவில் குடியேறி, வேட்டை நாய்க் கூட்டத்தை வைத்து மரை வேட்டையாடினார். பங்களா நாய் ஒரு சாதி. லயத்து நாய் இன்னொரு சாதி. முன்னதற்குக் கட்டிலும் இறைச்சியும் உண்டு. பின்னதற்கு எஞ்சிய சோறும், கிடைக்கும் எதுவும். காட்டுப்பன்றி தோட்டத்தில் இறங்கும்போது குரைப்பதும் இரவில் காவல் இருப்பதும் அதன் கடமை. ஒவ்வொரு காம்பராவின் வாசலிலும் பிள்ளைகளோடு புரள்வது அதன் உரிமை. எலிக்காகப் பூனையும் உண்டு. நாயின் குடலில் கொளுக்கிப் புழுவே பலவகை. மூன்று சோடிப் பற்களுடைய வகை தாய்ப்பாலின் வழியே குட்டிக்குச் சென்று, கண் திறந்த சில நாள்களில் குட்டியின் ஈறு வெளுத்துச் சாகும்படி செய்யும். குட்டி நோஞ்சானாய்ச் செத்தது என்று சொல்லிப் புதைத்துவிடுவர். நாய் உருண்டைப் புழுவோ, தாய் வயிற்றிலிருக்கும்போதே குட்டியைச் சேரும். அதன் முட்டை மண்ணிலிருந்து பிள்ளைகளின் வாய்க்குச் சென்றால் கண்ணைக்கூடப் பாதிக்க வல்லது.

கழிப்பிடம் இல்லாத இடத்தில் நாய் இன்னொரு வேலையும் செய்கிறது. சொல்லக் கூச்சமானாலும் சொல்லவேண்டிய செய்தி அது. மனித மலத்தை அது தின்கிறது. அசாமின் தேயிலைத் தோட்டச் சமூகமொன்றில் ரெபேக்கா டிராப் என்பாரும் உடனாய்வாளரும் நடத்தி 2002 இல் வெளியிட்ட ஆய்வு இதனை விளக்கிற்று. ஏறக்குறைய எல்லா நாய்களிலும், மனிதருக்குத் தொற்றக்கூடிய ஏதேனும் ஓர் ஒட்டுண்ணி இருந்தது. அதுமட்டுமன்று, மனித உருண்டைப் புழுவின் முட்டைகளும் நாயின் மலத்தில் காணப்பட்டன. நாய்க்கு அந்நோய் இல்லை. தின்ற முட்டையை வயிற்றில் சுமந்து, வேறோர் இடத்தில் இறக்கிவிடுகிறது. ஒதுக்குப்புறத்தில் கிடந்த அசுத்தம் இவ்வாறு வாசலுக்கு வந்து சேர்கிறது.

பின்னைய மருந்துகளின் கதை விரைவாகச் சொல்லத்தக்கது. 1958 இல் பெபீனியம் என்னும் மருந்து இலங்கையிலேயே கொளுக்கிப் புழுவுக்கு எதிராகச் சோதிக்கப்பட்டது. அதன் பின் மெபெண்டசோல் வந்தது. நஞ்சு என்ற அச்சம் நீங்கிற்று. ஆனால் 1992 இல் தோட்டத்துறை முழுவதும் நடத்திய ஆய்வில், மூன்று வயது முதல் பன்னிரண்டு வயது வரையுள்ள பிள்ளைகளிலும் பிள்ளை பெறும் வயதுப் பெண்களிலும் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் மண்வழிப் புழுக்கள் இருப்பது தெரிந்தது. மாத்தளையில் ஸ்னொட்கிராஸ் தொடங்கி எழுபத்தாறு ஆண்டுகள் கழிந்திருந்தன. தோட்டங்கள் அரசுடைமையாகியும் இருந்தன. 1994 முதல் 2005 வரை ஆண்டுக்கு இருமுறை பிள்ளைகளுக்கு மருந்து கொடுத்தனர். நிறுத்தி நான்கு ஆண்டுகளின் பின், ஐந்து மாவட்டங்களின் 114 தோட்டப் பாடசாலைகளில் 1890 பிள்ளைகளைப் பரிசோதித்தபோது, 29 விழுக்காட்டினரிடம் புழு இருந்தது. பெரும்பாலும் உருண்டைப் புழு. இந்த இறக்கம் சிறிய சாதனை அன்று. மேட்டுநிலக் குளிரைத் தாங்கும் தடித்த ஓடுடைய முட்டை உருண்டைப் புழுவினது. எனவே உயர்ந்த தோட்டங்களில் எஞ்சி நிற்பதற்கு அதற்கே வாய்ப்பு அதிகம்.

சிலானிக்கம் பிற நாடுகளில் மீண்டும் தலைகாட்டியது. 1960களில் மேற்கு நியூகினியிலிருந்து திரும்பிய டச்சுப் போர்வீரரின் குடலில் அது இருந்தது. 1972 இல் கல்கத்தாவிலும் சுற்றுப்புறத்திலும் மனிதரிடத்தே கண்டனர். மரபணுச் சோதனை வந்தபின் முட்டையின் மௌனம் கலைந்தது; ஒரு முட்டை எந்த இனத்தினது என்று ஆய்வுக்கூடம் சொல்லக்கூடியதாயிற்று. 2014 இல் வெளியான கம்போடியக் கிராம ஆய்வொன்றில், கொளுக்கிப் புழு இருந்த மனிதருள் ஏறத்தாழப் பாதிப்பேர் சுமந்தது மனிதப் புழுவையன்று, சிலானிக்கத்தை. அவ்வூர் நாய்களின் கொளுக்கிப் புழுவும் பெரும்பாலும் அதுவே. தென்கிழக்காசியாவில் மனிதரைப் பற்றும் கொளுக்கிப் புழுக்களுள் இரண்டாவது பெரிய இனமாக இன்று அது எண்ணப்படுகிறது. மனிதருக்கு மட்டும் மருந்து கொடுத்தால், நாயின் வயிற்றில் அது பத்திரமாக இருக்கும். நாய்க்கு மருந்து கொடுப்பதோ கடினமன்று: பைரன்டெல் என்னும் மலிவான மருந்தைக் குட்டிக்கு இரண்டாம் வாரத்திலிருந்தே கொடுக்கலாம், பாலூட்டும் தாய்க்கும் உடன் கொடுக்கவேண்டும்.

தோட்டப் பாடசாலை ஆய்வுகளில் கையாளப்படும் முறைக்குக் கேட்டோ-கட்ஸ் முறை என்று பெயர். கடுகளவு மலத்தைக் கண்ணாடித் தகட்டில் பரப்பி, கிளிசரின் தோய்ந்த தாளால் மூடி, பூதக்கண்ணாடியில் முட்டைகளை எண்ணுவர். உருண்டைப் புழுவின் முட்டை அதில் நெடுநேரம் நிலைத்திருக்கும். கொளுக்கிப் புழுவின் மெல்லிய முட்டையோ, அரைமணி முதல் ஒரு மணி நேரத்துக்குள் கிளிசரினில் தெளிந்து கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும். அதற்குள் எண்ணிவிட்டால் எண்ணிக்கை கிடைக்கும். அந்த முட்டையை இட்ட புழு, லயத்து மனிதரிடமிருந்து வந்ததா, அவர் வாசலில் படுத்திருக்கும் நாயிடமிருந்து வந்ததா என்பதை அந்தத் தகடு அப்போதும் சொல்லாது.